படகில் கிரில்லை எங்கே மாட்டுவது: பின்மூலையா, ராட் ஹோல்டரா, நீச்சல் மேடையா?

கயிறுமுடிச்சு

வணக்கம் நண்பர்களே. படகுக்கு ஒரு கேஸ் கிரில் வாங்கியாயிற்று. 7 கிலோ எடை, வட்டமான உடம்பு, அடியில் சின்ன சிலிண்டரைத் திருகிக்கொள்ளும் வகை. வாங்கியது சுலபம். எங்கே மாட்டுவது என்பதில்தான் வீட்டில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கிறது.

படகு 8 மீட்டர் நீளம். முன்னால் சின்ன கேபின், பின்னால் ஆட்கள் நிற்கவும் உட்காரவும் திறந்த காக்பிட், அதற்கு மேல் மடக்கக்கூடிய துணிக்கூரை. பின்சுவரின் நடுவில் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின். அதற்கு இடப்பக்கம் நீச்சல் மேடைக்கு இறங்கும் சின்னக் கதவு. வலப்பக்க மூலையில் வளைந்து நிற்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. இரண்டு பக்க விளிம்பிலும், மூலையிலிருந்து ஒரு மீட்டர் முன்னால், தூண்டில் கம்பு செருகும் ராட் ஹோல்டர் ஒவ்வொன்று.

என் கண் வலப்பக்க மூலைக் கம்பி மேல். மனைவி முன்பக்கக் கம்பி என்கிறார், சமைப்பவருக்குத் தனி இடம் கிடைக்குமாம். தம்பி நீச்சல் மேடையில் ஒரு கால் நட்டு நிறுத்தலாம் என்கிறான். ராட் ஹோல்டரில் செருகும் தண்டும் கடையில் பார்த்தேன். நீங்கள் எங்கே மாட்டியிருக்கிறீர்கள், ஏன்?

ஈரச்சட்டை

நீச்சல் மேடை வேண்டவே வேண்டாம். பக்கத்தில் ஒரு படகு கொஞ்சம் வேகமாகப் போனால் போதும், அதன் அலை மேடை மேல் ஏறிக் கணுக்காலை நனைக்கும். அந்த நேரத்தில் உங்கள் ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் தட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அது தவிர, அது ஆட்கள் தண்ணீரிலிருந்து ஏறி வரும் இடம். ஏணியில் ஏறும் பிள்ளையின் முகத்துக்கு நேராக அடுப்பு நிற்கும். தம்பியை வேறு யோசனை சொல்லச் சொல்லுங்கள்.

பழைய நங்கூரம்

எந்தக் கம்பி என்று பார்ப்பதற்கு முன்னால், பெரும்பாலும் எப்போது சமைப்பீர்கள் என்று சொல்லுங்கள். நங்கூரம் போட்டு நிற்கும்போதா, துறையில் கட்டியிருக்கும்போதா? பாதி முடிவு அதிலேயே கிடைத்துவிடும்.

நங்கூரம் என்றால் கதை தெளிவு. முன்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்ட படகு காற்றைப் பார்த்தபடி திரும்பி நிற்கும். காற்று மூக்கிலிருந்து வாலுக்குப் போகும். நீரோட்டம் பலமாக இருக்கும் இடத்தில் மட்டும் இது மாறலாம், படகு ஓட்டத்துக்குக் கட்டுப்பட்டு நிற்கும். மற்றபடி முன்பக்கக் கம்பியில் கிரில்லை மாட்டினால் புகை, கொழுப்புத் துளி, தீப்பொறி எல்லாம் படகின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டுதான் வெளியே போகும். கேபின் கூரையில் காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னல் இருந்தால் அதன் வழியாகத் தலையணைக்கே வாடை வந்துவிடும். வீட்டம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாகத்தான் நடக்கும். நங்கூரச் சங்கிலி, கயிறு எல்லாம் அங்கேதான். அவசரமாக நங்கூரத்தை எடுக்க வேண்டி வந்தால் சூடான அடுப்பைச் சுற்றி வேலை பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே பின்பக்கம். சமைப்பவர் பின்னோக்கி நின்றால் காற்று முதுகில் படும், வெக்கையும் புகையும் அவரை விட்டு விலகிப் போகும்.

அப்புறம், நான் முதலில் பார்ப்பது சமைப்பவரின் இரண்டு கால்களும் எங்கே இருக்கும் என்பதைத்தான். இரண்டும் காக்பிட் தரையில், முழங்கால் ஏதாவது ஒரு சுவரில் சாய்ந்தபடி இருக்க வேண்டும். உடம்பு விளிம்பைத் தாண்டி எக்கக் கூடாது. கிரில்லின் தட்டு முழங்கை உயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் வசதி. நெஞ்சு உயரத்தில் மாட்டினால் மூடியைத் திறந்தவுடன் அனல் முகத்தில் அடிக்கும். படகு சாதாரணமாக ஆடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்து பாருங்கள், கரையில் டிரெய்லர் மேல் நிற்கும்போது எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, தீ பிடித்தால் எல்லோரும் எந்த வழியாக வெளியேறுவார்கள்? உங்கள் படகில் தண்ணீருக்கு இறங்கும் சுலபமான வழி அந்த இடப்பக்கக் கதவு. அதை அடைத்துக்கொண்டு கிரில் நிற்கக் கூடாது. தீயணைப்பானும் கிரில்லைத் தாண்டிப் போய் எடுக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. கேபின் வாசலுக்கு உள்பக்கம், கை எட்டும் உயரத்தில் இருப்பது நல்லது. எண்ணெய், பெட்ரோல் தீக்கான பி வகை அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

மெதுவோட்டம்

நாங்கள் பெரும்பாலும் துறையில் கட்டியபடியேதான் இருப்போம். அங்கே காற்று இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் வரும். அப்போது?

பழைய நங்கூரம்

அப்போது முதல் வேலை துறையின் விதிகளைப் படிப்பது. படகு மேலும் மிதவை நடைமேடை மேலும் திறந்த தீ கூடாது என்று பல துறைகளில் ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். சிலர் கேஸை அனுமதித்துக் கரியைத் தடுப்பார்கள். காரணம் எளிது. நங்கூரத்தில் உங்கள் படகு எரிந்தால் உங்கள் படகு மட்டும்தான். துறையில் பக்கத்துப் படகு கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறது, அதன் கூரைத்துணி உங்கள் காற்றுப் போகும் பக்கத்தில் இருக்கிறது. அனுமதி இருந்தாலும் அன்றைய காற்றைப் பார்த்து, அடுத்த படகை நோக்கி அடிக்கிறது என்றால் சமையலைக் கரைக்கு மாற்றுவதே மரியாதை.

கரிஅடுப்பு

கேஸ், கேஸ் என்கிறீர்களே, கரியின் ருசி வருமா? நான் பல வருடமாகப் பின்கம்பியில் கரி அடுப்புதான் வைத்திருக்கிறேன்.

ஈரச்சட்டை

ருசியில் சண்டை இல்லை. கேஸை ஒரு திருகில் அணைத்துவிடலாம், கரியை அப்படி முடியாது. திடீரென்று மழைக்காற்று கிளம்பி நங்கூரம் இழுபட ஆரம்பித்தால் எரியும் கரியோடுதான் படகை ஓட்ட வேண்டும். சாம்பலைக் கொட்டும்போது காற்று திரும்பினால் மொத்தமும் காக்பிட்டுக்குள். கரி வைப்பவர் விளிம்புக்கு இன்னும் வெளியே தள்ளி, தூணோடு சேர்த்து ஒரு மெல்லிய ஸ்டீல் சங்கிலியால் கட்டி வைப்பது நல்லது. பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் நான் கரியைத் தொடவே மாட்டேன்.

பான்டூன்வாசி

எங்களுடையது பான்டூன், தட்டையான மேடை, சுற்றிலும் அலுமினிய வேலி. வேலிக்குழாய் சதுரம், 32 மி.மீ. அதற்கென்றே தனியாகக் கிளாம்ப் கிடைக்கிறது, வட்டக் கம்பிக்கான கிளாம்ப் சேராது. உள்ளே முழுக்க வினைல் சோபா. அதனால் கிரில்லை வேலிக்கு வெளியே தொங்கும்படிதான் மாட்ட முடியும். உள்பக்கம் திருப்பி மாட்டிய ஒருவருடைய சோபா முதுகு அப்பளம் மாதிரி சுருண்டதைப் பார்த்தேன்.

ஆனால் எங்கள் பெட்ரோல் டாங்க் பின்பக்க சோபாவுக்கு அடியில் இருக்கிறது. அதனால் நான் முன்பக்கத்தில் மாட்டிவிட்டு, நங்கூரத்தைப் பின்பக்கத்திலிருந்து போடுகிறேன். அப்போது முன்பக்கமே காற்றுப் போகும் பக்கம் ஆகிவிடுகிறது. கயிறுமுடிச்சு, நீங்களும் அப்படிச் செய்யலாமே? மனைவி பேச்சும் நிறைவேறும்.

பழைய நங்கூரம்

தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். கிரில்லுக்காக நங்கூரத்தை வாலில் கட்டுவது ஆபத்தான பழக்கம். பின்பக்கம்தான் படகிலேயே தாழ்ந்த இடம், எஞ்சின் எடை முழுக்க அங்கேதான், தட்டைச் சுவரில் அலை நேராக வந்து மோதும். நங்கூரக் கயிறு அதை இன்னும் கீழே இழுக்கும். ஓர் அலை உள்ளே விழுந்தால் அந்த எடையில் பின்பக்கம் இன்னும் தாழும், அடுத்த அலை இன்னும் சுலபமாக விழும். சின்னப் படகுகள் இப்படி நிமிடங்களில் மூழ்கியிருக்கின்றன. பான்டூனில் அமைதியான ஏரியில் தப்பித்துக்கொண்டிருக்கிறீர்கள். நண்பரின் படகில் பின்சுவரில் கதவு வேறு இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை, பக்க வேலியில், நடுவுக்குக் கொஞ்சம் பின்னால், டாங்க்கின் ஆவி வெளியேறும் மூச்சுக்குழாய் இல்லாத பக்கமாக மாட்டுங்கள். நுழைவுக் கதவை மறைக்காமல்.

பான்டூன்வாசி

சரி, அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. பக்க வேலியில் இடம் இருக்கிறது, அளந்து பார்க்கிறேன்.

துருப்பிடிக்காதவன்

மாட்டும் இரும்பு வேலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

கிரில், சிலிண்டர், மேலே கிடக்கும் மீன் எல்லாம் சேர்த்து 9 கிலோ என்று வையுங்கள். அது பிடிமானத்திலிருந்து 35 செ.மீ. வெளியே தொங்கினால் முறுக்கு விசை சுமார் 31 நியூட்டன் மீட்டர். படகு அசையாமல் நிற்கும்போது இது ஒன்றுமில்லை. ஆடும்போது அது மாறி மாறி இழுக்கும். தடுமாறிய ஒருவர் கை நீட்டி அதையே பிடித்தால் பல மடங்காகும். பிடிப்பார்கள், கட்டாயம் பிடிப்பார்கள்.

கம்பியில் மாட்டுவதென்றால் ஒரே கிளாம்பில் தொங்கவிடாதீர்கள், அது சுழன்றுவிடும். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் பிடிக்கும் அமைப்பு அல்லது நேர்தூணும் மேல் கம்பியும் சேரும் இடம் நல்லது. பாய்மரப் படகுக்காரர்கள் தூண்களுக்கிடையே ஓடும் கம்பிக்கயிற்றில் எதையும் மாட்டக் கூடாது. அது ஆளைத் தடுக்க இருப்பது, எடை தாங்க அல்ல. கம்பியின் அடிப்பாதங்களையும் ஆட்டிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றிப் பூச்சில் மெல்லிய நட்சத்திர வெடிப்பு இருந்தால் அங்கே ஏற்கெனவே அசைவு இருக்கிறது.

ராட் ஹோல்டர் என்றால் மூன்று விஷயம். ஒன்று, உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. இரண்டு, குழாயின் அடியில் குறுக்கே ஒரு பின் இருக்க வேண்டும். கிரில் தண்டின் அடிப்பக்கத்தில் உள்ள வெட்டு அந்தப் பின்னில் உட்கார்ந்தால்தான் தண்டு சுற்றாது. மூன்று, அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது? விளிம்புக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அல்லது முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்தால் கண்ணாலேயே தெரியும். நட்டும் அகலமான பின்தகடும் தட்டுப்பட்டால் சரி. திருகின் கூர்முனை விரலில் குத்தினால் வெறும் ஃபைபர் கண்ணாடியில் மரத்திருகு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தூண்டிலுக்கு அதுவே போதாது.

பெரும்பாலான ராட் ஹோல்டர்கள் 30 டிகிரி சாய்வு, சில 15. தண்டில் சாய்வைச் சரிக்கட்டும் மூட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு ஒரு மூலையில் தேங்கி அங்கேயே தீப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் என்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பான்டூன்வாசி மாதிரி அலுமினிய வேலியில் ஸ்டெயின்லெஸ் கிளாம்பை நேரடியாக இறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்படும். நடுவில் ஒரு நைலான் பட்டை கொடுங்கள்.

கயிறுமுடிச்சு

அடேயப்பா, இவ்வளவு இருக்கிறதா. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாங்கள் எப்போதும் நங்கூரத்தில்தான் சமைப்போம், எங்கள் துறையில் தீக்கு அனுமதி இல்லை. வலப்பக்க மூலைக் கம்பி உறுதியாக நிற்கிறது, அசையவே இல்லை. ஆனால் பெட்ரோல் ஊற்றும் மூடி அதே வலப்பக்க விளிம்பில், மூலையிலிருந்து 40 செ.மீ. முன்னால். அதற்கு நேர் கீழே, படகின் வெளிச்சுவரில் டாங்க்கின் மூச்சுக்குழாய். ஊற்றும்போது கிரில் எரியாது என்பதால் இது பிரச்சினையா?

பழைய நங்கூரம்

பிரச்சினைதான். மூச்சுக்குழாய் ஊற்றும்போது மட்டும் மூச்சு விடுவதில்லை. வெயில் ஏறி டாங்க் சூடாகும்போதெல்லாம் பெட்ரோல் ஆவி அதன் வழியாக வெளியே வரும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. காலையில் டாங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பி, மதியம் நங்கூரம் போட்டு அடுப்பு மூட்டுவீர்கள். ஆவி அதிகம் கசியும் நேரம் அதுதான்.

இப்போது காற்றை நினைத்துப் பாருங்கள். முன்னாலிருந்து பின்னால் போகிறது. மூச்சுக்குழாய் முன்னால், கிரில் 40 செ.மீ. பின்னால். ஆவி நேராகத் தீயைத் தேடிப் போகும். வலப்பக்க மூலையை மறந்துவிடுங்கள். இடப்பக்கம் போனால் படகின் முழு அகலம் நடுவில் இருக்கிறது, காற்றும் குறுக்கே வீசாது.

கயிறுமுடிச்சு

அப்படியென்றால் இடப்பக்க மூலையில் கதவு. மிச்சம் இருப்பது இடப்பக்க ராட் ஹோல்டர்தான். ஆனால் துணிக்கூரையின் பின்ஓரம் சரியாக அதற்கு மேலே வந்து முடிகிறது.

ஈரச்சட்டை

கூரையை மடக்கிவிட்டுச் சமையுங்கள். நிழல் போய்விடும்தான். கூரைக்கு அடியில் கிரில் வைப்பதில் துணி பொசுங்குவது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் கார்பன் மோனாக்சைடு. கூரையோடு பக்கத்துணி, பிளாஸ்டிக் ஜன்னல் எல்லாம் மாட்டி மூடியிருந்தால் அது கிட்டத்தட்ட ஓர் அறைதான். அந்த வாயுவுக்கு வாடை கிடையாது, காற்றின் எடைதான் இருக்கும், கேபினுக்குள் நுழைந்தால் அங்கேயே தங்கும். கேபினில் தூங்குபவர்கள் இருந்தால் அதற்கான அலாரம் ஒன்று கட்டாயம்.

அலைமேல்துரும்பு

காற்றைப் பற்றி ஒரு சின்ன விஷயம். பழைய நங்கூரம் சொன்னது திறந்த இடத்துக்குச் சரி. ஆனால் கேபின் உள்ள படகில் கேபினைத் தாண்டியதும் காற்று சுழன்று காக்பிட்டுக்குள் திரும்பி வரும். பின்னால் போக வேண்டிய புகை சில நேரம் முன்னோக்கி இழுபட்டு கேபின் வாசலுக்குள் போகும். ஓடும்போது எஞ்சின் புகை உள்ளே வருவதும் இதே சுழலால்தான்.

ஒரு குச்சியின் நுனியில் கம்பளி நூல் கட்டிக்கொண்டு, நங்கூரத்தில் நிற்கும்போது கிரில் வரப்போகும் இடத்தில் நீட்டிப் பாருங்கள். விளிம்புக்கு உள்ளே நூல் பைத்தியம் மாதிரி சுற்றும். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நீட்டினால் ஓர் இடத்தில் சட்டென்று நேராகப் பின்னோக்கி நீளும். அந்த இடம் வரை தண்டின் கை நீள வேண்டும். என் படகில் விளிம்பிலிருந்து ஒரு சாண் வெளியே வந்ததும் நேரானது.

துருப்பிடிக்காதவன்

இது நல்ல யோசனை. கை நீள நீள முறுக்கு விசையும் கூடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். தேவைக்கு மேல் ஒரு விரல்கூட நீட்ட வேண்டாம்.

வெளியே தள்ளி மாட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் கீழே இறங்கும். சிலிண்டர் தண்ணீருக்கு மேல் தொங்கினால் கசிவு கடலோடு போய்விடும். காக்பிட்டுக்குள் தொங்கினால் தரையில் வழிந்து கேபின் படி இறங்கி, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். அங்கே பேட்டரியும் தானியங்கி பம்பும் தீப்பொறிக்குத் தயாராக இருக்கும்.

மெதுவோட்டம்

கழற்றிய சிலிண்டரை எங்கே வைப்பது? நான் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் போட்டு வைக்கிறேன்.

பழைய நங்கூரம்

இன்றைக்கே வெளியே எடுங்கள். அந்தச் சின்ன சிலிண்டர்களில் 465 கிராம் அளவுக்கு கேஸ் இருக்கும். ஒருமுறை திருகிக் கழற்றிய பிறகு வால்வு சரியாக அடையாமல் மெல்லக் கசிவது சகஜம். வாய்க்கு மூடி போட்டு, வெளிக்கம்பியில் தொங்கும் துளையுள்ள பையில் நிமிர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் கேஸுக்கென்று கட்டிய தனிப் பெட்டி வேண்டும். மேலே திறப்பது, உள்ளே எந்தப் பக்கமும் கசியாதது, அடியிலிருந்து வெளியே வடியும் குழாய் உள்ளது, அந்தக் குழாயின் வாய் ஜன்னல், கதவு போன்ற எந்தத் திறப்பிலிருந்தும் அரை மீட்டராவது தள்ளியிருப்பது. கேஸ் பொருத்துவதற்கான தர விதிகள் கேட்பதும் இதைத்தான். வெறும் இருக்கைப் பெட்டி கேஸைச் சேர்த்து வைக்கும் தொட்டி.

ஒவ்வொரு முறை மாட்டியதும் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் மூட்டாதீர்கள்.

நங்கூரமில்லாதவன்

படகிலேயே சமையல் அடுப்புக்கு கேஸ் லைன் இருக்கிறது. அதிலிருந்து ஒரு குழாய் இழுத்துக் கிரில்லுக்குக் கொடுத்தால் சிலிண்டர் தொல்லையே இல்லையே? நான் இணைத்துப் பார்த்தேன், தீ மெழுகுவத்தி அளவுக்குத்தான் எரிகிறது.

துருப்பிடிக்காதவன்

ரெகுலேட்டர் இரண்டு முறை வருகிறது. சிலிண்டருக்குள் 20 டிகிரி வெப்பத்தில் 7 பாருக்கு மேல் அழுத்தம். படகின் லைனில் ஏற்கெனவே அதைச் சுமார் 30 மில்லிபாருக்குக் குறைத்துவிட்டார்கள். கிரில்லோடு வந்த ரெகுலேட்டர் அதை மறுபடியும் குறைக்கப் பார்க்கிறது. தாழ்ந்த அழுத்தத்துக்கான வால்வை அந்தக் கிரில் தயாரிப்பாளரே தருகிறாரா என்று கேளுங்கள். நீங்களே ரெகுலேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே இணைக்க வேண்டாம், உள்ளே பர்னர் ஓட்டையின் அளவும் அதற்கேற்றபடிதான் இருக்கும். லைனுக்கு நடுவே அணைக்கும் வால்வு ஒன்றும் வேண்டும், அதுவும் தீயைத் தாண்டாமல் கை எட்டும் இடத்தில்.

பான்டூன்வாசி

மின்சார கிரில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே?

அலைமேல்துரும்பு

துறையில் கரை மின்சாரம் இருந்தால் அருமை. நங்கூரத்தில் 1500 வாட் என்பது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியர், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 140 பக்கம். 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி அரை மணி நேரம் தாங்காது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நடுத்தண்ணீரில் வெந்த மீனோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

என்னுடையது பாய்மரப் படகு என்பதால் வேறு சில தொல்லைகளும் உண்டு. பின்கம்பியில்தான் உயிர்காப்பு வளையமும் எறிகயிறும் தொங்கும். கிரில் அதற்குப் பக்கத்தில் போனால் ஒன்று உருகும், இல்லாவிட்டால் அவசரத்துக்கு எடுக்க முடியாதபடி மறையும். பின்னால் டிங்கி என்ற சின்ன ரப்பர் படகைத் தொங்கவிடுபவர்கள் கிரில்லை அதற்கு நேர் மேலே வைத்துவிட்டு ரப்பரில் ஓட்டை விழுந்தது ஏன் என்று கேட்கிறார்கள். டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு பக்கத்தில் ஓடினால் இன்னும் கவனம். இரும்புக்குச் சமமான பலம் என்பார்கள், ஆனால் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். நைலானும் பாலியெஸ்டரும் அதைவிட ரொம்பவே தாங்கும்.

கயிறுமுடிச்சு

நண்பர்களே, இந்த வாரம் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இடப்பக்க ராட் ஹோல்டர் உலோகம்தான், அடியில் குறுக்குப் பின்னும் இருக்கிறது. விளிம்புக்கு அடியில் கையை விட்டதும் விரலில் திருகுமுனை குத்தியது. துருப்பிடிக்காதவன் சொன்ன அதே கதை. மூன்று திருகையும் எடுத்துவிட்டு, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, போல்ட் போட்டு, அடியில் 6 மி.மீ. கனத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய அலுமினியத் தகடு ஒன்று கொடுத்தேன். அதற்கும் போல்ட்டுக்கும் நடுவில் நைலான் வளையம். துளையின் ஓரங்களில் சீலண்ட். இப்போது குழாயைப் பிடித்துத் தொங்கினால் படகுதான் சாய்கிறது.

நூல் சோதனையும் செய்தேன். விளிம்பிலிருந்து 20 செ.மீ. வெளியே போனதும் நேரானது. கூரையை மடக்கினால் சுழல் இன்னும் குறைகிறது, ஆகவே மடக்கியபடியே சமையல். கிரில் எடையில் ஒரு வாளித் தண்ணீரைத் தண்டில் மாட்டிப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முழங்கால் பக்கச் சுவரில் நன்றாகச் சாய்கிறது, கதவு திறந்து மூடுகிறது. வலக்கைக்காரனான எனக்கு, பின்னோக்கித் திரும்பி நின்றால் கிரில் வலப்பக்கம் வருகிறது என்பது தற்செயலாகக் கிடைத்த வசதி. மனைவிக்கு நூல் காட்டிய திசையே போதுமாக இருந்தது. முன்பக்கம் என்ற பேச்சு முடிந்தது.

ஒரே சந்தேகம். துறையில் எங்கள் இடப்பக்கம்தான் நடைமேடை.

பழைய நங்கூரம்

கிளம்புவதற்கு முன் தண்டோடு கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஒரு நாள் கட்டைத்தூணில் மாட்டும், அப்போது உடைவது கிரில் அல்ல, உங்கள் விளிம்பு. முழுக்க ஆறிய பிறகு கழற்றுங்கள், சிலிண்டரை முதலில். எண்ணெய்த் தட்டைத் தண்ணீரில் கவிழ்க்காமல் ஒரு டப்பாவில் ஊற்றிக் கரைக்குக் கொண்டு வாருங்கள். கொஞ்சம் கொழுப்பு போதும், படகைச் சுற்றி வட்டமாக எண்ணெய்ப் படலம் பரவும், அதில்தான் பிள்ளைகள் குதிப்பார்கள்.

ஈரச்சட்டை

இடுக்கிக்கு ஒரு கயிறு கட்டி விடுங்கள். தண்ணீருக்கு மேல் கிரில் வைத்த எல்லோரும் ஓர் இடுக்கியைக் கடலுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள்தான்.

மெதுவோட்டம்

என் பின்கம்பிக்குக் கிளாம்ப் வாங்க வேண்டும், கம்பி 22 மி.மீ.யா 25 மி.மீ.யா என்று தெரியவில்லை. அளக்கக் கருவியும் கையில் இல்லை.

துருப்பிடிக்காதவன்

ஒரு நூலைக் கம்பியைச் சுற்றி ஒரு சுற்று மட்டும் இறுக்கி, சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, விரித்து ஸ்கேலில் வையுங்கள். 70 மி.மீ. பக்கம் வந்தால் 22, 80 பக்கம் வந்தால் 25. நடுவில் வந்தால் நூல் தளர்ந்திருக்கிறது, திரும்ப அளவெடுங்கள். பெரிய கிளாம்பை வாங்கி ரப்பர் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், சூட்டில் ரப்பர் இளகிச் சுழல ஆரம்பித்துவிடும்.